திரும்பும் தேதியைக் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், பணி ஓய்வுக்குப் பிறகு “ஊர் சுற்றக் கிளம்பும்” பெரியவர்களைப் பற்றி ஓர் அன்பர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். அறுபதைத் தாண்டியவர்கள் வீட்டோடு இருந்து, கோவிலுக்குப் போய்வந்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே முறை என்றும், அப்படியே வெளியூர் போனாலும் போகும் நாளும் திரும்பும் நாளும் வீட்டாருக்குத் தெரியும்படி போகவேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். முதல் பாதியைப் பற்றி எனக்கு அவரோடு வழக்கு இல்லை. அவரவர் வீடு, அவரவர் முழங்கால். இரண்டாம் பாதிக்குத்தான் மறுமொழி எழுத வேண்டியவனாக இருக்கிறேன். ஏனெனில் வரும் தைப்பூசம் முடிந்த வாரத்தில் நான் மிதிவண்டியில் வடக்கு நோக்கிப் புறப்படுகிறேன். திரும்பும் நாள் எது என்பது எனக்கே தெரியாது.

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தென்கோடியில் உள்ள சிலிம் ரிவர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் 36 ஆண்டுகள் கிராணியாக, அதாவது தோட்டத்துக் கணக்கெழுத்தராக இருந்தவன் நான். ஐம்பத்தைந்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, தனியார் துறைக்கும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலையில் நடப்புக்கு வந்ததால் மேலும் ஐந்தாண்டு நீண்டது. இன்று பட்டணத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்பு) வீடொன்றில் குடியிருந்தாலும், பசாரில் என்னை இன்னும் “பெரிய கிராணி” என்றுதான் கூப்பிடுகிறார்கள். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்று, யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு முழுநாள், யாருக்கு அரைநாள் என்று செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்ததே என் வாழ்நாள் வேலை. பிறருடைய நாள்களை இத்தனை ஆண்டுகள் கட்டம் போட்டு எழுதிய ஒருவன், தன்னுடைய நாள்களைக் கட்டம் போடாமல் விட நினைப்பதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் ஊரார் வியக்கிறார்கள். பயணத்தைப் பற்றிச் சொன்னால் எவ்வளவு தூரம் என்று கேட்பவர் சிலர், எவ்வளவு செலவு என்று கேட்பவர் சிலர். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்காதவர் மட்டும் ஒருவருமில்லை.

இந்தக் கேள்வியில் அக்கறை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வயதான மனிதன் சாலையில் இறங்கும்போது அவனுக்கு ஆபத்தாக முடிவது பெரும்பாலும் அந்தத் தேதியேதான் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம், நெடும்பயணத்துக்கு முன்னோட்டமாக ஐந்து நாள் சுற்று ஒன்று போனேன். முதல் நாள் பீடோர் வழியாகத் தெலுக் இந்தான். 1885இல் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரத்தின் எதிரே உட்கார்ந்து சீனர் கடையில் காப்பி குடித்தபோது, இருபது வயது குறைந்தது போலிருந்தது. அங்கிருந்து கடலோரச் சாலையில் சபாக் பெர்ணம், சுங்கை பெசார், செகிஞ்சான் வயல்கள் என்று இரண்டு நாள். அந்தப் பக்கம் நிலம் தோசைக்கல்லைப் போல் தட்டை. காற்று ஒன்றுதான் மேடு. கோலா சிலாங்கூரில் நான்காம் நாள் முழுவதும் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் ஒருநாள் தங்குவதில் குறையொன்றுமில்லை. ஆனால் நான் பொருளாளராக இருக்கும் கோவில் நிர்வாகக் குழுவின் கூட்டம் ஐந்தாம் நாள் இரவு 7.30 மணிக்கு. “அதற்குள் வந்துவிடுவேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு நாளில் ஓட்டவேண்டிய 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே நாளில் ஓட்டத் துணிந்தேன்.

விளைவு என்ன? வழக்கமாக முற்பகல் பதினொரு மணிக்கு நிழல் தேடி ஒதுங்கிவிடுகிற நான், அன்று பகல் ஒரு மணிக்கு, இன்றும் நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டிய செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டச் சாலையில் மிதித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் மரம் இருந்த காலத்தில் தோட்டத்துச் சாலைகளில் நிழல் இருந்தது. செம்பனை சாலைக்கு விலகி நிற்கிறது; நிழலைத் தன் காலடியிலேயே வைத்துக்கொள்கிறது. வேர்வை நின்றுபோனது எனக்குத் தெரிந்தது, ஆனால் அது கெட்ட அடையாளம் என்பது அந்த நேரத்து மூளைக்குத் தெரியவில்லை. வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மழுங்கிவிடுகிறது என்றும், இரத்த அழுத்தத்துக்காக நான் உட்கொள்ளும் மாத்திரைகளில் ஒன்று சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரைக் குறைப்பது என்றும் பிறகு மருத்துவர் விளக்கினார். சாலையோரம் வாழைப்பழப் பொரியல் விற்றுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மையாரும் அவர் கணவரும் என்னைப் பிடித்து இறக்கி, குடையின்கீழ்ப் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் கட்டி வைத்து, உப்பும் சீனியும் கலந்த நீரைக் கொஞ்சங் கொஞ்சமாகப் புகட்டினார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். மாலையில் அவர்களுடைய மகனின் லாரியில் மிதிவண்டியோடு ஊர் வந்து சேர்ந்தேன். போதிய உறுப்பினர் வராததால் அன்றைய கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்பதை மறுநாள்தான் அறிந்தேன்.

அந்த ஒரு நாள் எனக்குக் கற்பித்ததுதான் இந்தக் கடிதத்தின் சாரம். தேதி வைத்துக்கொண்டு புறப்படுபவன் மழையில் ஓட்டுவான், இருட்டில் ஓட்டுவான், காய்ச்சலோடு ஓட்டுவான், முழங்கால் வலிக்கும்போது மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுவான். தேதி இல்லாதவனுக்கு இவற்றில் எதையும் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. இருபத்தைந்து வயது உடம்பு ஒரு நாள் தவறைப் பொறுத்துக்கொள்ளும். அறுபத்துமூன்று வயது உடம்பு அப்படிப் பொறுப்பதில்லை. ஆகவே, “எப்போது திரும்புவேன் என்று சொல்ல மாட்டேன்” என்று நான் சொல்வதைப் பொறுப்பின்மை என்று கொள்ளாமல், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வதைப் போன்ற ஒரு முன்னெச்சரிக்கை என்று கொள்ளுமாறு அன்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் மரபைச் சுட்டிக்காட்டியிருந்ததால் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இரயில் வருவதற்கு முன் காசிக்கு நடந்துபோன நம் முன்னோரிடம் யாரும் திரும்பும் தேதி கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. போனவர் வந்தால் ஊரே போய் எதிர்கொண்டு அழைத்தது, அவ்வளவுதான். மிதிவண்டிப் பயணமும் நம்மவர்க்குப் புதிதல்ல. பம்பாயிலிருந்து 1923இல் உலகைச் சுற்றக் கிளம்பிய பார்சி இளைஞர் அறுவரில் மூவர், நான்காண்டுகளுக்கு மேல் கழித்து 1928இல் மிதிவண்டியிலேயே ஊர் திரும்பினார்கள். அதைவிட நமக்கு நெருக்கமானவர் ராம்நாத் பிஸ்வாஸ் என்ற வங்காளி. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர் 1931இல் அங்கிருந்தே மிதிவண்டியில் புறப்பட்டு, நம் மலாயா வழியாக வடக்கே ஏறி, சயாம், இந்தோசீனா, சீனா என்று போய்க்கொண்டே இருந்தார். 1894இல் பிறந்தவர் என்பதால் புறப்படும்போது அவருக்கு முப்பத்தேழு வயதாவது இருந்திருக்கும். அக்காலத்துக்கு அது இளமை என்று சொல்லத்தக்க வயதல்ல.

இனி என் வழியைச் சொல்கிறேன். எங்கள் ஊர் பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையின்மேல் இருக்கிறது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. அதனால் எனக்கு நட்டமும் இல்லை. சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங், ஈப்போ, சுங்கை சிப்புட், கோலாகங்சார் என்று இருபது, முப்பது கிலோமீட்டருக்கு ஒரு பட்டணமும், ஒவ்வொரு பட்டணத்திலும் ஒரு மாரியம்மன் கோவிலும், ஒரு காப்பிக் கடையும், பெரும்பாலும் ஒரு தமிழ்ப்பள்ளியும் பழைய சாலையில்தான் இருக்கின்றன. பிறகு பட்டர்வொர்த், அலோர் ஸ்டார், பாடாங் பெசார். எல்லை தாண்டி ஹட்யாய், பத்தலுங், சுராட்தானி, சும்போன், ஹுவா ஹின் என்று தாய்லாந்தின் நீண்ட கழுத்து வழியாக ஏறி, ராட்சபுரி மாவட்டத்து பான் போங் வரை போவது முதல் கட்டம். தென்தாய்லாந்தின் கலவர மாவட்டங்களைப் பற்றி என் மகள் கவலைப்பட்டாள். பத்தானி, யாலா, நாராதிவாட் ஆகிய மூன்றும் இந்த வழிக்குக் கிழக்கே ஒதுங்கியவை என்று வரைபடத்தை விரித்துக் காட்டிய பிறகே அமைதியானாள்.

பான் போங் ஏன் என்று கேட்பவர்களுக்கு: என் அப்பாவைப் பெற்ற தாத்தா அங்கேதான் இரயிலிலிருந்து இறக்கப்பட்டார். எங்கள் சாலைக்குச் சரித்திரம் உண்டு. 1941 டிசம்பர் 8ஆம் நாள் தென்தாய்லாந்துக் கரையிலும் கோத்தா பாருவிலும் இறங்கிய ஜப்பானியப் படை, காலாட்களில் பலரை மிதிவண்டியில் ஏற்றி இந்தத் தீபகற்பத்தை மேலிருந்து கீழாகக் கடந்தது. 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் அதன் டாங்கிகள் எங்கள் ஊர்ச் சாலையில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே நின்ற இந்தியப் படைப்பிரிவுகளை உடைத்துக்கொண்டு போயின. டயர் வெடித்தால் வெறும் வளையத்திலேயே ஓட்டுவார்களாம். இருட்டில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோல் கேட்குமாம். என் பாட்டி இதைச் சொல்லும்போது பற்களைக் கடித்துக் காட்டுவார். அடுத்த ஆண்டு ஜப்பானியர் இரயில்பாதை போடத் தோட்டத்தில் ஆள் பிடித்தபோது தாத்தாவும் சரக்குப் பெட்டியில் ஏற்றப்பட்டு வடக்கே போனார். பான் போங்குக்கு அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம் மரண இரயில்பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. அவர் திரும்பவில்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7000 கைதி வீரர்களுக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. பல்லாயிரக்கணக்கில் மடிந்த நம் தோட்டத் தொழிலாளிகளுக்கு அப்படித் தனிக் கல் இல்லை. ஆகவே நான் எந்தக் கல்லையும் தேடிப் போகவில்லை. பான் போங்கிலிருந்து காஞ்சனபுரி, ஹெல்ஃபயர் கணவாய், அதற்கப்பால் பர்மா எல்லையிலுள்ள மூன்று பகோடாக் கணவாய் வரை அந்தப் பாதையின் ஓரமாக ஓட்டிப்பார்க்க வேண்டும். எந்த இடத்தில் நிற்கத் தோன்றுகிறதோ அங்கே நிற்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் என்று யாரிடம் கணக்குக் கேட்பது?

மூன்று பகோடாக் கணவாய்க்குப் பிறகு எங்கே என்பதையும் நான் முடிவு செய்யவில்லை. வடக்கே சியாங் மாய் ஆகலாம். கிழக்கே கம்போடியா ஆகலாம், அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டப் பழகவேண்டும். அல்லது போதும் என்று தோன்றினால் மிதிவண்டியை இரயிலில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடலாம். திரும்பும் நாள் தெரியாது என்றால் திரும்பவே மாட்டேன் என்று பொருள் கொள்பவர்கள், அது அடுத்த வாரமாகவும் இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். தேதியே வேண்டும் என்பவர்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. தாய்லாந்துக் குடிநுழைவு அதிகாரி கடப்பிதழில் இத்தனாம் நாளுக்குள் வெளியேறு என்று முத்திரை குத்துவார். அந்தத் தேதிகளை நான் மீறப்போவதில்லை. கிராணிக்கு முத்திரையின் மதிப்புத் தெரியும்.

இதுவரை படித்தவர்களில் ஓரிருவராவது தாமும் போகலாமா என்று எண்ணக்கூடும் என்பதால், மூன்றாண்டு ஆயத்தத்தில் நான் கற்றவற்றைச் சொல்கிறேன். ஏராளமாகச் செலவழிக்க வேண்டியதில்லை. என்னுடையது 1990களில் செய்யப்பட்ட பழைய மலைமிதிவண்டியின் எஃகுச் சட்டகம். ஈப்போவில் பழைய விலைக்கு வாங்கினேன். எஃகு உடைந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் பற்றவைத்துவிடலாம். சக்கரம் 26 அங்குலம்; கடையில் இருந்த தம்பி புதிய பெரிய சக்கரத்தைத்தான் வாங்கச் சொன்னார், ஆனால் சிற்றூர்க் கடைகளில் கிடைக்கும் டியூப் 26 அங்குலத்துக்கே. சக்கரத்துக்கு 36 கம்பிகள் இருப்பது நல்லது, சுமையை நன்றாகத் தாங்கும். முன்பல்சக்கரங்களில் மிகச் சிறியதற்கு 22 பல், பின்னால் மிகப் பெரியதற்கு 34 பல். இது இருந்தால் மேட்டில் நடப்பவனைவிடச் சற்று வேகமாக, மூச்சு வாங்காமல் ஏறலாம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைச் சாலையில் லாத்தா இஸ்கண்டார் அருவி வரை பலமுறை ஏறிப்பார்த்து இதை உறுதிசெய்துகொண்டேன். இளைஞர்கள் என்னைக் கடந்து போகும்போது “அங்கிள், சமாளிச்சிருவீங்களா?” என்பார்கள், இறக்கத்தில் நானும் வேகமாகத்தான் வருகிறேன்.

சங்கிலியைக் கவனிக்காதவர்கள்தான் அதிகம். அதன் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். தேய்மானத்தால் அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் சங்கிலியை மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் பல்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும். அலுவலகத்திலிருந்து வரும்போது எனக்கென்று எடுத்துவந்த ஒரே பொருள் ஒரு இரும்பு அளவுகோல். அது இப்போது இந்த வேலைக்குப் பயன்படுகிறது. முழங்கால் முன்பக்கம் வலித்தால் உடனே மருத்துவரிடம் ஓடவேண்டாம், முதலில் இருக்கையைச் சற்று உயர்த்திப் பாருங்கள். பெரும்பாலோர் கால் தரையில் எட்டவேண்டும் என்று இருக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நானும் ஓராண்டு அப்படித்தான் கெடுத்துக்கொண்டேன்.

ஓட்டும் நேரத்தைப் பொறுத்தவரை, ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர்களின் நேரமே இந்த நாட்டுக்குச் சரியான நேரம். விடியற்காலையில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே உளியோடு நிரைக்குப் போவார்கள். மனிதனும் அந்த மரத்தைப் போலத்தான் என்பது என் அனுபவம். ஐந்தரைக்கு விளக்கெரியப் புறப்பட்டு, பத்தரை, பதினொரு மணிக்குள் 50 அல்லது 60 கிலோமீட்டர் முடித்துவிட்டு, பிறகு நிழல், சாப்பாடு, தூக்கம். மாலையில் மனமிருந்தால் கொஞ்சம்.

மருந்து பற்றிப் பலர் கேட்கிறார்கள். உள்நாட்டில் இருக்கும்வரை கவலையில்லை. அரசு மருத்துவமனைகளில் எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாட்டின்கீழ் நமக்கு எழுதிக்கொடுத்த மருந்தின் அடுத்த மாதப் பங்கை வேறு ஊர் அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ பெற்றுக்கொள்ள முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். எல்லைக்கு அப்பால் அது செல்லாது என்பதால், போதிய மருந்தையும் மருத்துவர் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, மருந்து முடியும் முன் எல்லைக்குத் திரும்புவது அல்லது மனைவி கொண்டுவருவது என்று ஏற்பாடு. அந்த வெப்ப மயக்கத்துக்குப் பிறகு மருத்துவர் மாத்திரையையும் மாற்றிக்கொடுத்திருக்கிறார். பணத்துக்குச் சேமநிதி இருக்கிறது. முழுவதையும் எடுத்து வீடு புதுப்பித்தவர்கள் கதையை நான் நிறையப் பார்த்திருப்பதால், மாதந்தோறும் ஒரு தொகை மட்டும் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு 45 வெள்ளி என்று எனக்கு நானே விதித்துக்கொண்ட கணக்கு. கோவிலில் படுத்தால் 20இல் முடியும், தங்கும் விடுதி எடுத்தால் 90 ஆகும், மாதக் கடைசியில் சரியாக வரவேண்டும்.

என் மனைவியைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். மகனும் மகளும் ஆறு மாதம் வாதாடினார்கள். அவர் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார்: “தேதி நான் கேட்க மாட்டேன். நீங்க சொல்லுற தேதிய நம்பித்தான் அன்னைக்கு நாலு மணி வரைக்கும் சோறு மூடி வெச்சிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு எங்க இருக்கீங்கன்னு மட்டும் தெரியணும்.” அதுவே எங்களுக்குள் உடன்பாடு. தினமும் இரவு எட்டு மணிக்கு இருக்கும் இடத்தைப் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். எட்டரைக்குள் வராவிட்டால் மகளுக்குச் சொல்வார், மறுநாள் காலை எட்டுக்குள்ளும் வராவிட்டால் கடைசியாக அனுப்பிய ஊரின் போலீசுக்குச் சொல்வார். ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை, நான் எந்த ஊரில் இருக்கிறேனோ அந்த ஊருக்கு அவர் இரயிலில் வருவார். எங்கள் சிலிம் ரிவர் நிலையத்தில் ஏறினால் பாடாங் பெசார் வரை ஒரே பாதை. அங்கிருந்து ஹட்யாய்க்குத் தாய்லாந்து இரயில். “ஹட்யாய்க்கு நான் கட்டாயம் வர்றேன், துணி மலிவு” என்கிறார். அன்பர் அக்கறைப்பட்ட குடும்பப் பொறுப்பு இதில் எங்கே குறைகிறது? இரண்டு மாதத்துக்கு அப்பாலுள்ள ஒரு தேதியைச் சொல்லிவிட்டு இடையில் தகவலே இல்லாமல் இருப்பதைவிட, ஒவ்வோர் இரவும் எட்டு மணி என்பது கடுமையான கட்டுப்பாடு.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அன்பர் சொல்வது என்னைக் குத்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூத்த பேரனுக்கு நான்கு வயது. நான் திரும்பும்போது அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்ற எண்ணம் வராத நாளில்லை. அதற்கு என்னிடம் நல்ல மறுமொழி எதுவும் இல்லை.

வேறொரு செய்தியும் உண்டு. இது அன்பருக்கன்று, நம் சமூகத்துக்கு. நான் மிதிவண்டியில் போவதைப் பார்த்த பழைய மண்டோர் (கங்காணி) ஒருவர், “ஏன் கிராணி, பிள்ளைங்க ரெண்டு பேரும் நல்லா சம்பாதிக்கிறாங்கன்னு சொன்னாங்களே?” என்று கேட்டார். அவர் மேல் தவறில்லை. தோட்டத்தில் நம் அப்பாக்கள் மிதிவண்டி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. ரொட்டிக்காரரும், துணி வியாபாரியும், தபால்காரரும் அதில்தான் வந்தார்கள். பிறகு கப்சாய் மோட்டார் சைக்கிள் வந்தது, பிறகு கார் வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது அதற்கு முந்தையது வறுமையின் அடையாளமாக மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூரிலிருந்து பளபளக்கும் உடையில் பல்லாயிரம் வெள்ளி மிதிவண்டிகளில் கோலகுபு பாரு பக்கம் வருகிறவர்களை நாம் வேடிக்கை பார்க்கிறோம்; அவர்களிடம் யாரும் பிள்ளைகள் சோறு போடவில்லையா என்று கேட்பதில்லை. வேட்டியை மடித்துக்கட்டிய நம் பெரியவர் ஒருவர் காய்கறி வாங்க மிதித்துப் போனால்தான் நமக்குக் கூசுகிறது. இந்தக் கூச்சத்தால் நடக்கவே சிரமப்படும் நீரிழிவுக்காரர்கள் நம் தாமான்களில் எத்தனை பேர் என்று எண்ணிப்பார்க்க எனக்குப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை, எங்கள் தெருவே போதும்.

பழைய சாலையில் லாரி ஓட்டும் தம்பிகளுக்கும் இதன் வழியாகவே ஒரு வேண்டுகோள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி பக்கத்தில் கடக்கும்போது காற்று முதலில் எங்களைத் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். சாலையோரத்தில் ஒதுங்க இடம் இல்லாத இடங்களில், ஒரு கை நீளத்துக்குப் பதிலாக இரண்டு கை நீளம் விட்டுக் கடந்தால் புண்ணியமாகப் போகும். ஹாரன் அடிப்பதானால் தூரத்திலேயே ஒருமுறை அடியுங்கள். காதருகே அடித்தால் நாங்கள் எந்தப் பக்கம் சாய்வோம் என்று எங்களுக்கே தெரியாது. என் பின்பக்கப் பைகள் இரண்டும் மஞ்சள் நிறம், தூரத்திலிருந்தே தெரியும்.

கோவில் கணக்கைத் தணிக்கை முடித்துப் புதிய பொருளாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். வழியனுப்ப ஒரு சிறு விருந்து வைப்பதாகக் குழுவினர் சொல்லி, பதாகைக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். அச்சகத்துப் பிள்ளை மாதிரிப்படத்தை அனுப்பியிருந்தான். அதில் என் படத்துக்குக் கீழே “பயண நாள்: முதல்” என்ற இடத்தில் தேதி இருந்தது; “வரை” என்ற இடத்தில் கோடு போட்டு, என்ன போடட்டும் என்று கேட்டிருந்தான். கோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அன்னதானம் வழங்குபவர்களின் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன். இடம் வீணாக வேண்டாமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சிலிம் ரிவர், பேராக்